சூட்டுக் கணக்கு

டர்போ வைத்த டீசல் இன்ஜினில் காற்று எவ்வளவு சூடாகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தாளில் கணக்கே போட்டு வைத்திருந்தேன். வெளியே 35 டிகிரி வெயில், டர்போ கொடுக்கும் அழுத்தம் 0.7 பார், அதன் கம்ப்ரசர் 65 சதவீதத் திறனோடு சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்ஜினுக்குள் நுழையும் காற்று 110 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து மெலிந்துபோகும். சிலிண்டர் நிறைந்தாலும் அதிலிருக்கும் ஆக்சிஜன் குறைவு. நடுவில் ஓர் இன்டர்கூலரை வைத்து அந்தக் காற்றை 60 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட்டால், குழாய்களில் வீணாகும் அழுத்தத்தைக் கழித்த பிறகும், உள்ளே போகும் காற்று பத்துப் பன்னிரண்டு சதவீதமாவது கூடும். இந்தக் கணக்கில் பிழை இல்லை. இன்றைக்கும் இதில் ஓர் எண்ணைக்கூட மாற்ற மாட்டேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் ஓர் இன்ஜினைத் தின்றது.

போடிநாயக்கனூரில் எங்களிடம் ஒரு பொலிரோ இருந்தது. பழைய டிஐ மாடல், 2523 சிசி, 63 குதிரைத்திறன். டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. விடியும் முன்னே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து இப்படி மலையேறும் ஜீப்புகளை அந்தச் சாலையில் அதிகாலையில் நிற்பவர் யாரும் பார்க்கலாம். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மேலே போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் ஏற வேண்டும்.

எங்கள் டிரைவர் அண்ணன் அந்தச் சாலையில் தலை நரைத்தவர். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கவே மாட்டார். இரண்டாவது கியரில் பாதி மிதியில் வைத்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே ஏற்றுவார். சில இடங்களில் காலை லேசாகத் தூக்குவார். மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல் இரண்டு நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிடுவார். டர்போவின் தண்டு அப்போதும் பழுக்கச் சூடாக இருக்கும்; உடனே அணைத்தால் அதைச் சுற்றியிருக்கும் ஆயில் நின்ற இடத்திலேயே கருகிப்போகும். காரணத்தை அவர் இப்படி விளக்கிச் சொன்னதில்லை. செய்வார், அவ்வளவுதான். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த எனக்குக் காரணம் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நிமிடம் எரியும் டீசலைத்தான் நான் பார்த்தேன்.

எங்கள் வண்டியைப் புதிய வண்டிகள் ஏற்றத்தில் தாண்டிப்போயின. தோட்டத்தில் நேரத்துக்கு ஆள் வரவில்லை என்று ஒரு சூப்பர்வைசர் சத்தம் போட்டார். இன்டர்கூலர் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு இதையெல்லாம் காரணமாக அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், படித்ததை ஒரு வண்டியிலாவது செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை. அப்பாவிடமும், பட்டறையில் என்னைச் சின்னப் பையனாகவே நடத்தியவர்களிடமும் காட்ட வேண்டும்.

அப்போது நிறையப் படித்தேன். டர்போவின் மூலக் கருத்துக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கியது, 1973-ல் டாஃப் நிறுவனம் லாரி இன்ஜினில் டர்போவோடு இன்டர்கூலரையும் சேர்த்தது, இப்படிப் பல விஷயங்கள். என்னை மிகவும் இழுத்தது லேண்ட் ரோவர் கதை. 1986-ல் அவர்கள் போட்ட இரண்டரை லிட்டர் டர்போ டீசலுக்கு இன்டர்கூலர் இல்லை, 85 குதிரைத்திறன். 1989-ல் டிஸ்கவரி வண்டியோடு வந்த இரண்டரை லிட்டர் இன்ஜினுக்கு இன்டர்கூலர் உண்டு, 111 குதிரைத்திறன். கொள்ளளவு அதே. இருபத்தாறு குதிரை கூடியிருக்கிறது. நடுவில் வந்தது இன்டர்கூலர் மட்டும்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். பழைய இன்ஜின் தனி அறையில் டீசலைப் பீய்ச்சுவது, புதியது நேராகப் பிஸ்டன் தலையில் பீய்ச்சுவது, அதற்காக ஹெட்டையே அலுமினியத்தில் புதிதாகச் செய்தார்கள் என்பதெல்லாம் அதே பக்கத்தில்தான் இருந்தன. படித்தேன். என் விருப்பத்துக்கு உதவாத வரிகள் என்பதால் மனதில் நிறுத்தவில்லை.

சென்னை புதுப்பேட்டையில் வேறொரு டீசல் காரிலிருந்து கழற்றிய இன்டர்கூலர் ஒன்று கிடைத்தது. உள்ளே பழைய ஆயில் தேங்கியிருந்தது. அது வந்த வண்டியின் டர்போ உடைந்திருந்தால் இரும்புத் துகள் உள்ளே ஒளிந்திருக்கும் என்று பயந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கிக் கலக்கி, வடிவது தெளிவாகும் வரை கழுவினேன். அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் பட்டை அடித்து நிறுத்தி, குழாய்களை வளைத்து, வாய்களில் ஹோஸ் நழுவாமல் இருக்க லேத்தில் விளிம்பு கட்டி, நல்ல கிளாம்ப் போட்டு முடித்தேன்.

முதல் ஓட்டம் தேனியிலிருந்து ஆண்டிபட்டி கணவாய் வழியாக மதுரைக்கு. சைலன்சரில் வழக்கமாக வரும் கறுப்புப் புகை கண்ணில் படவே இல்லை. ஆனால் இழுவை? கொஞ்சம் கூடியது போலிருந்தது. கூடவில்லை என்று யாராவது சொல்லியிருந்தாலும் மறுக்க முடியாது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இந்த ஏமாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் இன்ஜினில் சக்தியைத் தீர்மானிப்பது டீசலின் அளவு. காற்றை எவ்வளவு குளிர்வித்தாலும் பம்ப் கொடுக்கிற அதே டீசலைத்தான் கொடுக்கும். கூடுதல் காற்று கிடைத்ததால் அந்த டீசல் முழுதாக எரிகிறது, புகை குறைகிறது, வெளியேறும் வாயுவின் சூடு இறங்குகிறது. பிஸ்டனும் வால்வும் டர்போவும் சற்று நிம்மதியாக வேலை செய்கின்றன. அதாவது அன்றைக்கு இன்டர்கூலர் தன் வேலையை முழுதாகச் செய்துகொண்டிருந்தது. அந்த வேலை ஓட்டுகிறவன் முதுகில் உறைப்பதில்லை, அதனால் எனக்கு அது போதவில்லை. கையில் மிஞ்சிய காசை அன்றைக்கே செலவழித்தால்தான் தூக்கம் வரும் என்கிற ஆளைப்போல, குறைந்த சூட்டை உடனே வேகமாக மாற்றிவிடத் துடித்தேன்.

டீசல் பம்பில் அதிகபட்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதைக் கம்பி போட்டு ஈயம் வைத்து சீல் செய்திருப்பார்கள். கம்பியை வெட்டினேன். கொஞ்சம் திருகினேன்.

வண்டி பறந்தது. சமதளத்தில் நாலாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது. மற்ற டிரைவர்கள் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா பண்ணுன?" என்று கேட்டார்கள். அப்பாகூட ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் கொஞ்சம் திருகினேன்.

மலையில் முதலில் சொன்னது டெம்பரேச்சர் ஊசி. "தம்பி, பத்தாவது வளைவு தாண்டுனா ஊசி ஏறுது. முன்னாடி இப்பிடி ஏறாது" என்றார் டிரைவர் அண்ணன். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் நின்று காற்றை மறைக்கிறது, போதாததற்குத் தன் சூட்டையும் ரேடியேட்டர் மேலேயே விடுகிறது என்று புரிந்தது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கூடுதலாக ஒரு மின்விசிறி வைத்தேன். ஊசி பழைய இடத்துக்கு இறங்கியது. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த வண்டியில் சூட்டைப் பற்றிப் பேசிய ஒரே கருவியின் வாயை அடைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏத்தத்துல சத்தம் சரியில்ல தம்பி."

"ஊசி பாதியிலதான நிக்குது அண்ணே?"

"ஊசி நிக்குது. சத்தம் தான் கட்டையா இருக்கு. காலைத் தூக்குனா சரியாப் போகுது."

"எதுக்குத் தூக்குறீங்க? இன்டர்கூலர் இருக்குல்ல. மிதிச்சு ஓட்டுங்க, நேரத்துக்குப் போய்ச் சேரணும்."

அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஓனர் வீட்டுப் பையன் சொல்லிவிட்டான் என்பதற்காக அதன்பிறகு மிதித்து ஓட்டினார்.

ஐப்பசியில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது, புலியூத்துக்கு மேலே ஒரு வளைவில் வண்டி இழுவை இல்லாமல் நின்றது. போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஏறினேன். மழை விட்டு, சாலையெல்லாம் ஈரம். பெண்கள் தூக்குச் சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பானட்டைத் திறந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றியதும் குபுகுபுவென்று புகை தள்ளியது. சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, "வேற ஜீப்பு வருமாய்யா?" என்று கேட்டார். "பாக்குறேம்மா" என்றேன். பார்க்கவில்லை. மேலே போகிற வண்டிகளில் எல்லாம் ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது.

பட்டறையில் ஹெட்டைக் கழற்றிய அன்று நான் கூடவே நின்றேன். மெக்கானிக் பிஸ்டன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துணியால் துடைத்து, மேசையில் வைத்தார். முதல் இரண்டும் கறுத்திருந்தன, மற்றபடி சேதமில்லை. மூன்றாவதைத் துடைக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என் கையில் கொடுத்தார்.

பிஸ்டனின் தலையில், டீசல் வந்து விழுந்து எரியும் குழி இருக்கும். அந்தக் குழியின் விளிம்பிலிருந்து ஒரு விரிசல் மயிரிழையாகக் கிளம்பி ஓரம்வரை போயிருந்தது. அது போய்ச் சேர்ந்த ஓரத்தில் அலுமினியம் உருகி வழிந்து, முதல் ரிங்கின் பள்ளம் திறந்து கிடந்தது. ரிங் இரண்டாக முறிந்திருந்தது. விரல் வைத்துத் தடவினேன். விளிம்பு கூர்மையாக இருக்கும் என்று நினைத்தேன். வழவழப்பாக இருந்தது. உடைந்த உலோகம் அப்படி இருக்காது, உருகியது மட்டும்தான் அப்படி இருக்கும்.

தூய அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் செய்யும் கலவை உலோகம் அதற்கும் முன்பே இளகிவிடும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு இதைப்போல் மூன்று மடங்கு. ஒவ்வொரு எரிப்பும் கண நேரத்தில் முடிவதாலும், வாங்கிய சூட்டை ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும் கீழே ஆயிலுக்கும் கொடுத்துவிடுவதாலும்தான் பிஸ்டன் பிழைக்கிறது. நான் கூட்டிய டீசல் நேரத்துக்குள் எரிந்து முடியாமல், பிஸ்டன் இறங்கும்போதும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆறுவதற்குப் பிஸ்டனுக்கு இடைவெளியே இல்லை. தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஊசிக்குப் பிஸ்டன் தலையில் நடப்பது தெரியாது.

தாளில் நான் போட்ட கணக்கு சமதளச் சாலைக்கானது. அங்கே 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இன்டர்கூலரை அடித்துக்கொண்டு போகும். முந்தலுக்கு மேலே வண்டி போவது 20 கிலோமீட்டர் வேகத்தில். சுமை முழுச் சுமை, டர்போ கொடுப்பது முழு அழுத்தம், வெளிக்காற்றின் ஓட்டமோ சொற்பம். கொஞ்ச நேரத்தில் இன்டர்கூலரே சூடேறி, உள்ளே போகும் காற்றைக் குளிர்விப்பது வெகுவாகக் குறைந்துவிடும். போடிமெட்டை நெருங்கும்போது வெளிக்காற்றே கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 10 சதவீதம் மெலிந்திருக்கும். ஸ்க்ரூவுக்கு இது எதுவும் தெரியாது, அது திருகி வைத்த அளவுக்கு டீசலை ஊற்றிக்கொண்டே இருக்கும். குளிர்ச்சி மிகவும் தேவைப்பட்ட இடத்தில் குளிர்ச்சி இல்லை, குறைய வேண்டிய டீசல் குறையவில்லை. டிரைவர் அண்ணன் காலைத் தூக்கியபோதெல்லாம் செய்தது அந்தக் குறைப்பைத்தான். அதை நிறுத்தச் சொன்னது நான்.

மெக்கானிக் பம்பைப் பார்த்தார். அறுந்த கம்பியைத் தொட்டு, "சீல் யாரு உடைச்சது?" என்று கேட்டார். டிரைவர் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வண்டி கெட்டால் டிரைவரைக் குறை சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அவர் ஒரு வார்த்தை சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். "நான்தான்" என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் மெக்கானிக் அவர் நின்ற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லைனர், பிஸ்டன் செட், ஹெட் வேலை, டர்போ பழுது எல்லாவற்றுக்கும் சேர்த்து என் மனைவியின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. எடுப்பு சீசன் முழுக்க வண்டி பட்டறையில் கிடந்தது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வேறு ஜீப்புக்கு மாறினார்கள், அது நியாயம். டிரைவர் அண்ணன் அந்தக் காலத்தில் யாரோ ஒருவருடைய வண்டிக்கு மாற்று டிரைவராகக் கிடைத்த நாட்களில் மட்டும் போய்வந்தார்.

வண்டி தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் டீக்கடையில் அவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். "அன்னிக்கு நின்னுச்சுல்ல தம்பி, அந்தப் பொம்பளையாளுக யாருக்கும் கூலி இல்ல. நேரத்துக்குப் போனாத்தான் பேரு விழும்." எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. எத்தனை செலவு, எத்தனை வாடகை போயிற்று என்று தினமும் கணக்குப் பார்த்தவன், சுவரில் உட்கார்ந்திருந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஒரு நாள் கூலியை வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள். வேறு ஜீப் வருமா என்று கேட்ட அந்த அம்மா வாங்கிக்கொண்டு, "வண்டி சரியாயிருச்சா?" என்று விசாரித்தார்.

இன்டர்கூலரை நான் தூக்கிப்போடவில்லை. குற்றம் அதனுடையது அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ரேடியேட்டரை மறைக்காத இடத்துக்கு மாற்றி, அதற்கென்று தனி விசிறி வைத்தேன். பம்பை டீசல் பம்ப் சர்வீஸ்காரரிடம் கொடுத்து, கம்பெனி அளவுக்குத் திருப்பி, புது சீல் போட்டு வாங்கினேன். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளை போட்டு, வாயுவின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் ஒன்றைப் பொருத்தினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. செலவும் மற்றவற்றோடு பார்த்தால் கொஞ்சம்தான். வண்டி இப்போது பறப்பதில்லை. முன்பு எவ்வளவு நேரத்தில் போடிமெட்டு ஏறியதோ அதே நேரத்தில்தான் ஏறுகிறது. புகை இல்லை. டீசல் சற்று மிச்சமாகிறது.

பைரோமீட்டர் வைத்த புதிதில், ஊசி 650-ஐத் தாண்டினால் மிதியைக் குறைக்கச் சொல்லலாம் என்று டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முதல் வளைவுகளில் 500, 550 என்று ஏறியது. 640 வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் காலைத் தூக்கியிருந்தார். ஊசி இறங்கியது. அடுத்த ஏற்றத்திலும் அப்படியே. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிண்ணே தெரியுது?"

"சத்தம் கட்டையாகுதுல்ல தம்பி."

கண்ணாடியை இறக்கிவிட்டுக் கவனித்தேன். இரண்டு மூன்று வளைவு தாண்டியும் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஊசியைப் பார்த்து அவர் எப்போது காலைத் தூக்குவார் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது.